ஆக்கர் கடை பதில்கள்: பால் கவர் முதல் சக்கை மடல் வரை

தக்கலைப் பக்கம் எங்கள் கடையைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். வெளி மாவட்டத்து வாசகர்களுக்காக ஒரு வரி: பழைய இரும்பு, பேப்பர், பாட்டில் எடுக்கும் கடையைக் குமரி மாவட்டத்தில் நாங்கள் ஆக்கர் கடை என்போம். வீட்டுக் குப்பையைப் பிரிப்பது பற்றிக் கேள்வி பதில் எழுத முடியுமா என்று ஆசிரியர் கேட்டார். விலை போகிற குப்பை, விலை போகாத குப்பை, இந்த இரண்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது போதும் என்றுவிட்டார். வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி சந்தேகம். கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, நாங்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளியில் பிரித்துக் கொடுக்கிறோம். வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்கு நான் மெனக்கெட வேண்டும்?
*வாசகி, நாகர்கோவில்*

இந்தக் கேள்வியை மட்டும் ஏழெட்டுப் பேர் வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது: மக்குவது, மக்காதது, அப்புறம் பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்து, பல்பு மாதிரி ஆபத்தானவை. பிரித்துத் தருவது நம் கடமை என்றால், பிரித்தபடியே கொண்டுபோவது அவர்கள் கடமை. ஒன்றாகக் கொட்டுவதைப் பார்த்தால் வண்டிக்காரரிடம் சண்டை போடாதீர்கள். வண்டியில் தடுப்பு வைத்துக் கொடுக்காமல் அவரை அனுப்பியவர்களிடம், வார்டு உறுப்பினரிடம், எழுதிக் கொடுங்கள்.

ஆனால் அதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மக்காத குப்பையை நீங்கள் தினமும் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? மீன் தலை ஒரு நாள் தாண்டினால் நாறும். காலி ஷாம்பு பாட்டில் ஒரு வருடம் இருந்தாலும் நாறாது. கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வையுங்கள். சாக்கு நிறைந்ததும் ஆக்கர்காரரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் வண்டிக்கு மொத்தமாகக் கொடுங்கள். அன்றாடம் வண்டியில் போவது சமையல் கழிவு மட்டும் என்றால் அதை எதோடு கலக்க முடியும்?

கலந்தால் என்ன ஆகும் என்று எங்கள் கடையில் ஒரு நாள் உட்கார்ந்தால் தெரியும். ஒரு கட்டு நல்ல நோட்டுப் பேப்பர், அதன்மேல் அரைக் கரண்டி சாம்பார். மேலே இருக்கும் நாலு தாள்தானே என்று தோன்றும். இரண்டாம் நாள் கட்டு முழுக்கப் பூசணம் பிடித்திருக்கும். அதற்குப் பிறகு அது பேப்பர் இல்லை. நாகர்கோவில் குப்பை போய்ச் சேரும் வலம்புரிவிளை உரக்கிடங்கில் தீப்பிடித்தது என்று வருடம் தவறாமல் செய்தி படிக்கிறோமே, அங்கேயும் இதே கதைதான். ஈரக் குப்பை காற்றில்லாமல் உள்ளே அழுகி மீத்தேன் வாயுவும் சூடும் உண்டாகின்றன. எரிவதற்கு மேலே பிளாஸ்டிக்கும் துணியும் தயாராகக் கிடக்கின்றன. ஈரம் தனியாகப் போயிருந்தால் அது உரம்.

பால் கவரை எடுக்கிறீர்கள், மிக்சர் பாக்கெட்டை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். இரண்டும் பிளாஸ்டிக்தானே?
*வாசகர், திங்கள்சந்தை*

பால் கவர் ஒரே சாதிப் பிளாஸ்டிக். உருக்கினால் மறுபடி பிளாஸ்டிக் மணியாகிவிடும். மிக்சர், சிப்ஸ், மசாலாப் பொடி, பிஸ்கட் பாக்கெட்டுகள் அப்படி இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று வகைப் படலத்தை ஒட்டி, நடுவில் அலுமினியப் பூச்சும் கொடுத்திருப்பார்கள். மிக்சர் நமத்துப்போகாமல் இருப்பது அதனால்தான். அந்தப் படலங்களைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு கிடைக்கும் காசைவிட அதிகம். அதனால் வாங்க ஆள் இல்லை.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கட்டைவிரலை உள்ளே வைத்து இழுத்துப் பாருங்கள். மெதுவாக நீண்டு கொடுத்தால் அது நாங்கள் எடுக்கிற ரகம்: பால் கவர், அரிசிப் பையின் உள் கவர், புதுச் சட்டை வரும் கவர். கசக்கினால் மொறுமொறு என்று சத்தம் போட்டு, விட்டதும் பழையபடி விரிந்தாலோ, உள்பக்கம் வெள்ளியாக மின்னினாலோ எங்களுக்கு வேண்டாம்.

வேண்டாததையும் தனிச் சாக்கில் சுத்தமாகச் சேர்த்து உள்ளாட்சி வண்டியில் கொடுங்கள். அது சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகலாம். கவர்களில் ஒரு பங்கு தார்ச் சாலைக்கும் போகிறது. அந்த முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். சூடான ஜல்லியின்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பைப் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் அதில் சேரக்கூடாது. சூட்டில் அது நச்சு வாயுவை விடும்.

பால் கவர் பற்றி இன்னும் ஒன்று. மூலையைக் கத்தரித்து அந்தத் துணுக்கைத் தனியாக எறியாதீர்கள். ஒரு ஓரம் ஒட்டியபடி வெட்டிவிட்டால் துணுக்கும் கவரோடு வந்துவிடும். தனியாக விழுந்த துணுக்கை எந்தத் துடைப்பமும் பொறுக்காது, மழை பெய்தால் ஓடைக்குப் போகும். நாகர்கோவில் ஓடைகளில் போவது பழையாற்றில் சேர்ந்து மணக்குடியில் கடலைப் பார்க்கும். கவரை ஒரு முறை அலசி, துணி காயும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அலசாத பால் கவர் நிறைந்த சாக்கை அவிழ்த்தால் எங்கள் கடைப் பூனையே எழுந்து வெளியே போய்விடும்.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதே, அது இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்?
*கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்*

இல்லை தம்பி. என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும். 2 என்றால் ஹெச்டி, பினாயில் பாட்டில், ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன். 4 என்றால் எல்டி, மேலே சொன்ன பால் கவர். 5 என்றால் பிபி, சாப்பாட்டு டப்பாவும் பாட்டில் மூடியும். இந்த நான்குக்கும் எப்போதும் ஆள் உண்டு. 3 பிவிசி, பைப்பாக இருந்தால் போகும். 6-ல் தெர்மாகோல் வரும். மீன் வரும் வெள்ளைப் பெட்டி அதுதான். அதை மறுசுழற்சி செய்யலாம், ஆனால் ஒரு வேன் நிறைய ஏற்றினாலும் எடை என்று ஒன்றும் இருக்காது, டீசல் காசுக்கே காணாது. 7 என்றால் மற்றவை, கலப்படம்.

எண் அழிந்துபோயிருந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடு. ஹெச்டி, எல்டி, பிபி மிதக்கும். பெட்டும் பிவிசியும் மூழ்கும். பாட்டிலையும் மூடியையும் ஆலையில் பிரிப்பதும் இப்படித் தண்ணீர்த் தொட்டியில்தான். மூடியைக் கழற்றி, பாட்டிலை மிதித்துச் சப்பையாக்கிக் கொடு. காற்றடைத்த பாட்டில் சாக்கில் இடத்தை அடைக்கும். பாதி குடித்துவிட்டு மூடிய பாட்டில் அதைவிட மோசம்.

கடை பில், ஏடிஎம் சீட்டு பேப்பரோடு சேருமா?
*வாசகி, குழித்துறை*

சேராது. அது ரசாயனம் பூசிய தாள். நகத்தால் கீறினால் கருப்புக் கோடு விழும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பேப்பர் டீ கப்பும் சேராது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு.

உரத்தொட்டி வைத்திருக்கிறேன். மழை தொடங்கினால் ஒரே நாற்றம், வெள்ளைப் புழு வேறு. மருமகள் தொட்டியை எடுத்து வீசப்போகிறேன் என்கிறாள். வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் மீன்.
*இல்லத்தரசி, குலசேகரம்*

இது விலைபோகிற குப்பை இல்லை. ஆனாலும் என் வீட்டிலும் தொட்டி உண்டு, அதனால் பதில் சொல்லத் துணிகிறேன்.

உரத்தொட்டி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சென்னைக்காரர்கள். அங்கே காய்ந்துபோகிறது, தண்ணீர் தெளியுங்கள் என்பார்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. குலசேகரம் பக்கம் கேட்கவே வேண்டாம். உங்கள் தொட்டியில் ஈரம் அதிகம், காற்று இல்லை, அவ்வளவுதான் நோய். ஒரு கை சமையல் கழிவு போட்டால் இரண்டு கை காய்ந்த சரக்கு போட வேண்டும். வெயில் காலத்தில் ரப்பர் இலை கொட்டும்போதே சாக்கு சாக்காகக் கூட்டிக் கட்டி, நனையாமல் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காய்ந்த இலைக்கு எங்கே போவது? இலை தீர்ந்தால் தும்பு ஆலையில் கிடக்கும் தென்னை நார்க்கழிவு. அது ஈரத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் துளை இருக்கட்டும், தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வையுங்கள், மேலே பழைய ஓடு ஒன்று.

வெள்ளைப் புழுவைக் கண்டு பயப்படாதீர்கள். கொஞ்சம் பெரிதாக, பட்டையாக இருந்தால் அது ஒரு கருப்பு ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று உரமாக்கும், வீட்டு ஈயைப்போலச் சாப்பாட்டில் வந்து உட்காராது. ஆனால் அது நிறைய வருகிறது என்றால் ஈரம் கூடிவிட்டது என்று தொட்டி சொல்கிறது. இன்னும் இரண்டு கை சருகு போடுங்கள்.

மீனைத் தொட்டியில் போடவே போடாதீர்கள். சாளையின் தலையும் குடலும் தொட்டிக்குள் போனால் தெருநாய், மரநாய், பூனை மூன்றும் உங்கள் வீட்டு விருந்தாளி. தென்னை மூட்டில் முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து, போட்டு, மண்ணை நன்றாக மிதித்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றுங்கள். மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்கோ தென்னைக்கோ ஊற்றுவதை நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடமில்லாதவர்கள் மீன் கழிவை ஒரு டப்பாவில் கட்டி ஃபிரீசரில் வைத்து, வண்டி வரும் நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள். முதல் நாள் அருவருப்பாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் மீனையே அங்கேதான் வைக்கிறோம்.

சக்கை, அதாவது பலாப்பழ சீசனில் மடலை அப்படியே திணிக்காமல் வெட்டுக்கத்தியால் சிறிதாகக் கொத்திப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் அடுத்த சக்கை வரும்வரை கிடக்கும். மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கின் தொலி தாராளமாகப் போடலாம். அதைப் பச்சையாக ஆட்டுக்குப் போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும், அதில் சயனைடு விஷம் உண்டு. சிரட்டை (தேங்காய் ஓடு) மட்டும் தொட்டிக்குள் வேண்டாம், வருடக்கணக்கில் மக்காது. அதைத் தனியாகச் சேருங்கள். கரி செய்கிறவர்கள் வாங்குவார்கள், ஆக்கர் வண்டியிலும் எடுப்பார்கள்.

மருமகள் சமாதானம் ஆகாவிட்டால் தொட்டியைக் கிணற்றடிக்கு மாற்றாதீர்கள். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

அப்பாவுக்குக் காலையில் முற்றம் பெருக்கி, சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து எரிப்பது பழக்கம். சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்.
*வாசகி, இரணியல்*

அவர் சின்ன வயதில் முற்றத்துக் குப்பை என்றால் மாவிலை, பலாவிலை, ஓலை. எரித்துச் சாம்பலைத் தென்னைக்குப் போட்டார்கள், தென்னை காய்த்தது. இன்று அதே குவியலில் ஷாம்பு பாக்கெட்டும் பைப்புத் துண்டும் கிடக்கின்றன. பிவிசி எரிந்தால் வருவது டையாக்சின், அது லேசில் அழியாத நஞ்சு. பிளாஸ்டிக்கோடு எரிந்த சாம்பலும் மரத்து மூட்டுக்குப் போகும் சாம்பல் இல்லை. திறந்தவெளியில் குப்பை எரிப்பது விதிப்படி குற்றமும்கூட. ஆனால் உங்கள் அப்பாவிடம் விதியைச் சொல்லிப் பயனில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. சருகை உரத்தொட்டிக்கு வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். சருகு இல்லாமல் அவருக்குத் தீ பிடிக்காது.

ஃபியூஸ் போன ட்யூப்லைட், பழைய செல்போன் பேட்டரி எல்லாம் மேசை இழுப்பறையில் நிறைந்து கிடக்கிறது. உங்களிடம் கொடுக்கலாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கருங்கல்*

ட்யூப்லைட், சுருள் வடிவ சிஎஃப்எல் பல்பு, இவற்றை என்னிடம் தயவுசெய்து தராதீர்கள் சார். உள்ளே பாதரசம் இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் மூடிய அறையில் உடைந்தால் அதுவே அதிகம். புதியது வாங்கிய அட்டைக் குழலிலேயே பழையதைச் செருகி வைத்து, ஆபத்தான கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கையில் கொடுங்கள். தவறி உடைந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போங்கள். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. கெட்டி அட்டையால் வாரி, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியையும் சேர்த்து மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். எல்ஈடி பல்பில் பாதரசம் இல்லை. அது மின்னணுக் கழிவோடு போகும்.

செல்போன் பேட்டரிதான் எங்கள் தொழிலில் பெரிய பயம். ஆக்கர் கடையில் தீ என்று பேப்பரில் வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: சாக்குக்குள் ஒரு லித்தியம் பேட்டரி நசுங்கியிருக்கும். அதன் முனைகளில் டேப் ஒட்டி, தனி டப்பாவில் போட்டு, இது பேட்டரி என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். உப்பிப்போனதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், விலையில் கழித்துத் தருவார்கள். 2022-ல் வந்த பேட்டரி விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஈயத்துக்காக அதை வீட்டில் உடைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அமிலம் மண்ணில், ஈயத்தூள் குழந்தை விளையாடும் திண்ணையில்.

பெயர் வேண்டாம். நாப்கினை எதில் போடுவது?
*வாசகி, குளச்சல்*

எதிலும் கலக்காமல் தனியாக. செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய பொட்டு. குழந்தை டயப்பருக்கும் அதேதான், உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் தட்டிவிட்டுச் சுற்றுங்கள். கழிப்பறைக்குள் போட்டால் செப்டிக் டேங்க் அடைக்கும். வெட்கப்பட்டு மக்காத குப்பையின் நடுவில் ஒளித்துவைத்தால், அதைப் பிரிப்பது இன்னொரு பெண்ணின் கை. சர்க்கரை நோய்க்கு வீட்டில் இன்சுலின் போடுகிறவர்களும் இதைப் படியுங்கள். ஊசியைக் கெட்டியான பாட்டிலில் போட்டு மூடி இறுக்கி, வெளியே 'ஊசி' என்று எழுதிக் கொடுங்கள். எங்களிடம் வேலை செய்கிறவர்களின் விரலில் குத்துவது பெரும்பாலும் ஆணி இல்லை.

கடையில் துணிப்பை மாதிரி ஒரு பை தருகிறார்கள். அது மக்குமா?
*வாசகர், அழகியமண்டபம்*

நெய்யாமல் அழுத்திச் செய்த பையைத்தானே சொல்கிறீர்கள்? அது பாலிப்ரொப்பிலீன், சுத்தப் பிளாஸ்டிக். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பட்டியலில் அதுவும் இருக்கிறது.

கேரளாவிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டுகிறான். நாம் பால் கவரை அலசிக்கொண்டு இருக்கிறோம்.
*வாசகர், களியக்காவிளை*

உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது, கோபம் வராமல் இருக்குமா. பன்றிப் பண்ணைக்கு என்று சொல்லி ஹோட்டல் கழிவும் கோழிக் கழிவும் வருவதும், சோதனைச் சாவடியில் பிடிபடுவதும் நமக்குப் பழகிப்போன செய்தி. ராத்திரி ஓரமாக நிற்கும் லாரியைப் பார்த்தால் எண்ணோடு படம் எடுத்துப் போலீசுக்குக் கொடுங்கள். புகார் கொடுத்து என்ன நடந்துவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைக் கேரள அரசே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. எந்த ஆஸ்பத்திரிக் கழிவு என்பதைக் குப்பையில் கிடந்த காகிதங்களே காட்டிக்கொடுத்தன.

அதில் நமக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பழைய பேப்பரோடு பாஸ்புக், ஆதார் நகல், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் எங்கள் கடைக்கு வருகின்றன. பெயரும் எண்ணும் இருக்கும் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

நேராகவே கேட்கிறேன். ஆக்கர்காரர்கள் எடையில் ஏமாற்றுகிறார்களா?
*வாசகர், பூதப்பாண்டி*

நேராகவே சொல்கிறேன், சிலர் ஏமாற்றுகிறார்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு கிலோ, பாட்டில் சில கிராம். பேப்பரைத் தூக்குவதற்கு முன் அவர் தராசில் அதை வைக்கச் சொல்லுங்கள். முக்கால் கிலோ காட்டினால் கதவைச் சாத்தலாம். தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கொடுக்கிறவர்கள் பக்கமும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் கட்டுக்கு நடுவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள், எடை ஏறுவதற்காக. எங்கள் கடையில் எந்தக் கட்டு வந்தாலும் அவிழ்த்து நடுவில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் தராசில் ஏற்றுவோம். பூதப்பாண்டியிலிருந்து வந்தாலும் அப்படித்தான்.